வன்முறையை ஆராயும் வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரன். பயங்கரவாதம், அரசியல் வன்முறை பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கி, இப்போது அதையே பாடமாகவும் நடத்துகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் தேடி வந்து கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். இரண்டு கேள்விகளை மாணவர்களின் அப்பாக்கள் கேட்டார்கள். எவை என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

இது போலீஸ் வேலையா, உளவுத்துறை வேலையா?

இரண்டும் இல்லை. ஒரு சம்பவம் நடந்தால் போலீஸ் கேட்பது ‘யார் செய்தது?’. நாங்கள் கேட்பது ‘ஏன் இங்கே, ஏன் அப்போது, பக்கத்து ஊரில் ஏன் நடக்கவில்லை?’. அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் இந்தத் துறையே இல்லை.

அன்றாட வேலை சினிமாவில் வருவது மாதிரி இருக்காது. கோர்ட் தீர்ப்பு படிப்பது, பழைய பேப்பர் புரட்டுவது, பேட்டியை எழுத்தாக்குவது, புள்ளிவிவர அட்டவணையைத் திருத்துவது. ஒரு முழு மே மாதத்தை 1980-ஆம் ஆண்டுச் செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே கழித்திருக்கிறேன்.

தீவிரவாதம், பயங்கரவாதம் இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகப் புழங்குகின்றன. ஆய்வில் பிரித்து வைக்கிறோம். தீவிரவாதம் என்பது நிலைப்பாடு. அதை மனதில் வைத்துக்கொண்டே ஒருவர் கடைசி வரை கடை நடத்திவிட்டுப் போகலாம். பயங்கரவாதம் என்பது செயல்முறை: அரசியல் நோக்கம் ஒன்றுக்காகச் சிலரைத் தாக்கி, அதைப் பார்க்கும் பலரை மிரள வைப்பது. அடிபடுகிறவர் ஒருவர், சேதி போய்ச் சேர வேண்டியது இன்னொருவருக்கு.

இதிலும் ஒத்த கருத்து கிடையாது. அலெக்ஸ் ஷ்மிட் என்ற டச்சு ஆய்வாளர் 1980-களில் இந்தச் சொல்லுக்கு 109 வரையறைகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஐ.நா. சபையில் எல்லா நாடுகளும் ஏற்கும் பொது வரையறை இன்றுவரை உருவாகவில்லை. ஒரு நாட்டுக்குப் பயங்கரவாதியாக இருப்பவர் இன்னொரு நாட்டுக்கு விடுதலைப் போராளி.

நம் ஊர் உதாரணத்துக்கு வருவோம். 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டதும் தருமபுரி இலக்கியம்பட்டியில் ஒரு பஸ் கொளுத்தப்பட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் 3 பேர் உள்ளேயே எரிந்து இறந்தார்கள். கொளுத்தியவர்கள் கட்சிக்காரர்கள், கோபம் ஒரு தீர்ப்பின் மேல், செத்தவர்களோ அதற்குச் சம்பந்தமே இல்லாத பிள்ளைகள். இது பயங்கரவாதமா? வகுப்பில் கேட்டால் பாதிக் கைகள் உயரும். உச்ச நீதிமன்றம் 2016-இல் மூவரின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தபோது, கூட்ட வெறியில் நிதானம் இழந்து செய்தது என்ற வாதத்தை ஏற்றது. திட்டமிடல் இருந்ததா, சேதி சொல்லும் நோக்கம் இருந்ததா என்று பிரித்துப் பார்த்துவிட்டு நான் இதை ‘அரசியல் வன்முறை’ என்ற பெரிய கூடையில் வைக்கிறேன். பயங்கரவாதம் அதற்குள் இருக்கும் ஒரு சின்னக் கூடை. ஒத்துக்கொள்ளாத சக ஆய்வாளர்களும் உண்டு.

சொல் விஷயத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘மோதலில் சுட்டுக்கொல்லப்பட்டார்’, ‘என்கவுன்டர் செய்யப்பட்டார்’, ‘படுகொலை செய்யப்பட்டார்’ மூன்றும் ஒரே சாவைச் சொல்லலாம். எழுதியவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி பக்கத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் வீடுகள் 250-க்கு மேல் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பல செய்திகள் அதைக் ‘கலவரம்’ என்றன. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்க வேண்டும். அன்று ஓங்கியது ஒரு பக்கம்தான். தலைப்பில் போட்ட ஒற்றைச் சொல் பத்து வருடம் கழித்து ஆய்வேட்டுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது.

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு இதை ஆராய என்ன இருக்கிறது? டெல்லிக்கோ லண்டனுக்கோ போக வேண்டாமா?

போகலாம். போவதற்கு முன்னால் தருமபுரியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் ஒரு தடவை பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள்.

வழியில் நாயக்கன்கொட்டாயில் அப்பு, பாலன் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1970-களின் பிற்பாதியில் இந்தப் பகுதியில் வேரூன்றிய நக்சல்பாரி என்ற ஆயுதப் போராட்ட இடதுசாரி இயக்கத்தின் அடையாளம் அது. கந்துவட்டிக்கு எதிராக, டீக்கடை இரட்டைக் குவளைக்கு எதிராக என்று தொடங்கிப் பல சாதி இளைஞர்களையும் அந்த இயக்கம் ஒன்றாக இழுத்தது. போலீஸ் பிடியில் அடிபட்டு பாலன் இறந்தது 1980 செப்டம்பரில். அதே சாலையில் போய்த் திருப்பத்தூரில் இறங்கினால் அங்கே இன்னொரு நினைவிடம். 1980 ஆகஸ்ட் 6 அன்று, பிடிபட்ட நக்சல்களைக் கொண்டுபோகும்போது நடந்த குண்டுவீச்சில் இறந்த இன்ஸ்பெக்டரும் போலீஸாரும் அங்கே நினைக்கப்படுகிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டில் திருப்பத்தூரில் மரியாதை துப்பாக்கி முழங்கும். செப்டம்பரில் நாயக்கன்கொட்டாயில் தோழர்கள் கூடப் பார்ப்பார்கள், போலீஸ் அனுமதி மறுக்கப் பார்க்கும்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை கவர்ந்து செத்தவனுக்கும் கல், மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல். யார் கல் நட்டார்களோ அவர்கள் சொன்ன கதைதான் எழுத்தில் நிற்கும். இந்தச் சாலையில் நிற்பவையும் அப்படிப்பட்ட இரண்டு நடுகற்கள்தான். ஒன்றை மட்டும் படித்துவிட்டு எழுதியவர்களே அதிகம். இரண்டையும் படிப்பவருக்கு இந்தத் துறையில் இடம் காலியாக இருக்கிறது.

இன்னும் உண்டு. 2012-இல் எரிந்த நத்தம் காலனி இருப்பது அதே நாயக்கன்கொட்டாய் வட்டாரத்தில். சாதி தாண்டி ஆட்களைச் சேர்த்த இயக்கம் வலுவாக இருந்த இடத்திலேயே 32 வருடம் கழித்து ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டித் தீ வைத்தார்கள். இடையில் என்ன நடந்தது? இயக்கம் நசுக்கப்பட்டதா, அதன் பிள்ளைகள் வேறு கட்சிகளுக்குப் போனார்களா, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணம் ஊருக்குள் ஏற்ற இறக்கத்தை மாற்றியதா? ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும்.

பாப்பாரப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் ராஜதுரோகி என்று சிறையில் தள்ளிய சுப்பிரமணிய சிவா 1925-இல் அங்கேதான் கண் மூடினார். இன்று அவருக்கு மணிமண்டபம். 2004 அக்டோபர் 18 இரவு வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே பாப்பாரப்பட்டி பக்கம்தான். ‘குற்றவாளி’ என்ற சொல்லை யார் எப்போது எடுத்து, எப்போது திருப்பி வைக்கிறார்கள் என்பதற்கு ஒரே ஊரில் இரண்டு பாடம்.

அரசாங்கம் செய்யும் வன்முறையும் இதில் சேருமா?

சேரும். சேர்க்காமல் எழுதினால் பாதி ஆய்வு. பயங்கரவாதம் என்பதை அரசு சாராதவர்களின் செயலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் அறிஞர்கள் உண்டு. அரசியல் வன்முறை என்று வரும்போது அந்தச் சாக்கு கிடையாது.

அரூர் வட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்றில் டீசல் கலக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட, மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். சீருடையில் வந்தவர்கள் ஒருவர்கூடத் தப்பாமல் தண்டனை பெற்ற வழக்கு இந்தியாவில் அபூர்வம். எப்படி முடிந்தது என்ற கேள்வியும் எங்கள் துறைக்குள்தான் வரும்: மலைவாழ் மக்கள் சங்கம், இடதுசாரிக் கட்சி, சிபிஐ விசாரணை, கடைசி வரை சாட்சியத்தை மாற்றாத பெண்கள்.

வறுமைதானே காரணம்? சோறு இருந்தால் யார் துப்பாக்கி எடுப்பார்கள்?

எல்லோரும் சொல்வது இது. ஆய்வு அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. ஆலன் குரூகர், ஜிட்கா மலெச்கோவா என்ற ஆய்வாளர்கள் 2003-இல் லெபனானின் ஹிஸ்புல்லா என்ற ஆயுத அமைப்பில் இறந்த போராளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். சராசரி லெபனான் இளைஞரைவிட அவர்கள் வறுமையில் குறைந்தவர்களாகவும் படிப்பில் கூடியவர்களாகவும் இருந்தார்கள். வறுமைக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பசித்தவர் எல்லோரும் ஆயுதம் எடுப்பதில்லை, எடுத்தவர் எல்லோரும் பசித்தவரும் இல்லை.

1978-இல் தருமபுரி முழுக்க வறட்சிதான், எங்கும் கந்துவட்டிதான். இயக்கம் வேர் பிடித்ததோ குறிப்பிட்ட சில ஊர்களில். அங்கே என்ன கூடுதலாக இருந்தது? நான் பேசிய பழைய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னது கொள்கையில் தொடங்கவில்லை. ‘மாமன் போனாரு, நானும் போனேன்’, ‘ஹாஸ்டல்ல கூட இருந்தவன் கூப்பிட்டான்’ என்றுதான் தொடங்கியது. சிநேகம், சொந்தம், ஒரே விடுதி அறை. உலகம் முழுக்க இதையேதான் பார்க்கிறோம். இத்தாலியின் இடதுசாரி ஆயுதக் குழுக்களை ஆராய்ந்த டொனாடெல்லா டெல்லா போர்ட்டாவும், ஜிகாதிக் குழுக்களை ஆராய்ந்த மார்க் சேஜ்மனும் ஏற்கெனவே இருந்த நட்பு வழியாகத்தான் ஆட்கள் உள்ளே வந்தார்கள் என்று காட்டினார்கள். கொள்கை பெரும்பாலும் உள்ளே வந்த பிறகு கெட்டிப்படுகிறது.

இன்னொரு கதவு அரசு அடிக்கும் அடி. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மேல் நடந்த வன்முறைக்கு முன் போராளிக் குழுக்களில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பிறகு ஆள் எடுக்க இடமில்லாமல் வரிசை நின்றது.

‘ரேடிகலைசேஷன்’ என்பதைத் தமிழில் தீவிரமயமாதல் என்கிறோம். ஏணிப்படி மாதிரி ஒருவர் படிப்படியாக ஏறி உச்சியில் குண்டு வைக்கிறார் என்று ஒரு கோட்பாடு உண்டு. கேட்க அழகாக இருக்கும். உண்மையில் தீவிரக் கருத்துள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எதுவுமே செய்வதில்லை, செய்தவர்கள் சிலருக்குக் கருத்தே அரைகுறை. எனவே கருத்துக்கு ஒரு பிரமிடு, செயலுக்கு ஒரு பிரமிடு என்று தனித்தனியே வரைய வேண்டும் என்று மெக்காலி, மாஸ்கலென்கோ என்ற உளவியலாளர்கள் வாதிட்டார்கள். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

ஆரம்ப ஆய்வாளர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன். இயக்கத்தில் சேர்ந்த 20 பேரைப் பேட்டி எடுத்து, எல்லோரும் அவமானப்பட்டவர்கள், ஆகவே அவமானமே காரணம் என்று எழுதிவிடுவது. அதே ஊரில் அதே அவமானம் பட்டும் சேராத 20 பேரிடம் பேசினீர்களா? என் முதல் அத்தியாயத்தை நெறியாளர் இந்த ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பினார். ஒரு வருடம் போயிற்று.

என்ன பட்டம் படிக்க வேண்டும்?

‘பயங்கரவாதவியல்’ என்று இளங்கலை கிடையாது; தேடாதீர்கள். அரசியல் அறிவியல், சமூகவியல், வரலாறு, குற்றவியல், உளவியல், பொருளாதாரம் எதிலிருந்தும் வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறவியல் துறையும் குற்றவியல் துறையும் உண்டு. திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கு நல்ல துறை இருக்கிறது. டெல்லி ஜேஎன்யூ, மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), புதுச்சேரிப் பல்கலைக்கழகம் எல்லாம் முதுகலைக்கு முயற்சி செய்ய வேண்டியவை. நம் இரண்டு மாவட்டக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அங்கே இளங்கலை முடித்துவிட்டு வெளியே போனவர்கள் நிறைய.

பட்டத்தைவிட முக்கியம் புள்ளியியலில் அடிப்படை. ‘கணக்கு வராதுன்னுதான் சார் ஹிஸ்டரி எடுத்தேன்’ என்பவர்களுக்கு என் அனுதாபம். கொஞ்சமாவது வர வேண்டும்.

செலவுக்கு என்ன வழி?

யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. ஜேஆர்எஃப்புக்குப் பொதுப் பிரிவில் 30 வயது வரம்பு; ஓபிசி, எஸ்சி, எஸ்டி, பெண்கள் ஆகியோருக்கு 5 வருடத் தளர்வு. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருடம், சாதாரணமாக 6 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு) உதவித்தொகையும் உண்டு.

வெளிநாடு போக நினைப்பவர்கள் காமன்வெல்த், செவனிங், எராஸ்மஸ் முண்டஸ் என்ற மூன்று உதவித்தொகைகளையும் பாருங்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. எஸ்சி உள்ளிட்ட சில பிரிவு மாணவர்களுக்கான மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகையில் 2022-இல் ஒரு விதி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது. தருமபுரி சாதி வன்முறையை லண்டனில் உட்கார்ந்து எழுத நினைத்த பிள்ளைக்கு அது நேராக விழுந்த அடி. விண்ணப்பிக்கும் வருடத்து விதியை வரி விடாமல் படியுங்கள்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் தடையாகுமா?

முதல் 2 வருடம் ஆகும். அப்புறம் அதுவே பலம். மேரிலாந்து பல்கலைக்கழகம் தொகுத்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தில் 1970 முதல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள் உள்ளன. அது முதன்மையாகச் செய்திகளிலிருந்து திரட்டியது. 1980-இல் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் நடந்தது ஆங்கிலப் பத்திரிகைக்குப் போகவில்லை என்றால் அது உலகக் கணக்கிலும் ஏறுவது கஷ்டம். தமிழ்ப் பேப்பரையும், இயக்கத் துண்டறிக்கையையும், கல்வெட்டையும் படிக்கத் தெரிந்த ஆள் அந்த ஓட்டையை அடைக்கலாம்.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

முதலில் தீர்ப்புகள்; உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். ஒரு நல்ல தீர்ப்பில் சாட்சிகள் சொன்னது, இடம், நேரம் எல்லாம் இருக்கும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பழைய அரசாணைகளுக்கு. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சிறுபத்திரிகை, துண்டறிக்கைகளுக்கு. டெல்லியிலிருந்து நடக்கும், தெற்காசியப் பயங்கரவாதம் பற்றிய இணையத்தளம் ஆண்டுவாரிப் பட்டியலுக்கு. மீதி, ஊர்ப் பெரியவர்களின் இரும்புப் பெட்டிகளில். அந்தப் பெட்டிகள் பழைய பேப்பர் கடைக்குப் போகும் வேகம்தான் எனக்குப் பெரிய கவலை.

களப்பணியில் ஆட்கள் பேசுவார்களா?

முதல் நாள் பேச மாட்டார்கள். ‘நீ போலீஸா?’ என்பார்கள். இல்லை என்றால், ‘அப்ப எந்தக் கட்சி?’. அதுவும் இல்லை என்றால், ‘யாரு ஊட்டுப் பையன்?’. மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் திண்ணையில் உட்கார இடம் கிடைக்கும்.

நான் முதல் மூன்று முறை போகும்போது கேள்வித்தாளை எடுப்பதில்லை. மழை, மாங்காய் விலை, ஓசூரில் வேலைக்குப் போன மகன் என்று பேசிவிட்டு வருவேன். நான்காம் முறை அவர்களே தொடங்குவார்கள். பதிவுக் கருவியை வைக்கலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் வைக்கக் கூடாது. ஒரு பாட்டி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு ‘அதை அழிச்சுடு கண்ணு’ என்றார். என் ஆய்விலேயே அதைவிட நல்ல பேட்டி கிடைத்ததில்லை. அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒரு கட்டுரையில் ‘ஊரின் ஒரே தையல்காரர்’ என்று எழுதிவிட்டேன். பெயர் போடவில்லைதான், ஊருக்கே யாரென்று தெரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, ஆனால் அப்புறம் பேசவும் இல்லை.

ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுப்பதிலும் ஒரு எல்லை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி வட அயர்லாந்து முன்னாள் போராளிகளிடம், நீங்கள் இறக்கும் வரை வெளியிட மாட்டோம் என்று சொல்லிப் பேட்டிகள் எடுத்தது. 2011-இல் பிரிட்டிஷ் போலீஸுக்காக அமெரிக்க நீதிமன்றம் வழியே அந்த ஒலிநாடாக்கள் கேட்கப்பட்டன, சில ஒப்படைக்கப்பட்டன. சட்டம் காப்பாற்றாத வாக்கைக் கொடுக்கக் கூடாது. அதனால் பேட்டி தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன்: ‘வழக்கு நிலுவையில் இருப்பதை, இன்னும் யாருக்கும் தெரியாததை என்னிடம் சொல்லாதீர்கள்.’

என் சாதி தெரிந்தால் எதிர்ப் பக்கத்துக்காரர்கள் பேசுவார்களா?

இந்த மாவட்டத்தில் தெரியாமல் இருக்காது. பெயர், ஊர், எந்தத் தெருவில் வண்டி நிறுத்தினாய் என்பதே போதும். எங்கே களி சாப்பிட்டாய், யார் வீட்டில் தண்ணீர் குடித்தாய் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2012 பற்றி விசாரித்தபோது காலனியில் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் போனேன். ஒரு வீட்டில் திண்ணையோடு நிறுத்திவிட்டார்கள். அந்தத் திண்ணையும் குறிப்பேட்டில் ஏறியது. முடிந்தால் வேறு சமூகத்து நண்பரோடு இருவர் அணியாகப் போங்கள். கிடைக்கும் பதில்கள் வித்தியாசப்படும், அந்த வித்தியாசமே தரவு.

போலீஸ் தொந்தரவு வருமா? பையன் மேல் கேஸ் போட்டுவிட மாட்டார்களே?

விசாரிப்பார்கள். தீவிர இயக்கங்களைக் கண்காணிக்கும் போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சுக்கு இங்கே நீண்ட நினைவு உண்டு. 2002 நவம்பரில் ஊத்தங்கரையில் நடந்த துப்பாக்கிச் சூடும், போட்டா என்ற அந்தக் காலத்துப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் நடந்த கைதுகளும் பலருக்கு நேற்று நடந்தது மாதிரி. ஆய்வு செய்வது குற்றம் இல்லை. ஆனால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1967-இன் உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பயங்கரவாதப் பிரிவுகள் சேர்ந்தது 2004-இல். தனி ஆளையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரம் 2019-இல். போட்டா வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம், குற்ற நோக்கம் இல்லாத வெறும் வாய்மொழி ஆதரவு குற்றமாகாது என்றது. விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ போட்டாவில் சிறையில் இருந்த காலம் அது. 2023 மார்ச்சில் அதே நீதிமன்றம், தடை செய்யப்பட்ட அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்றது.

2019 நவம்பரில் கோழிக்கோட்டில் மாவோயிஸ்ட் துண்டறிக்கை வைத்திருந்ததாக இரண்டு மாணவர்கள் உபாவில் கைதானார்கள். 2021 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் ஜாமீன் உறுதியானது. 2008-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு முதுகலை மாணவர், அமெரிக்க அரசுத் தளத்திலேயே கிடைத்த அல்-கொய்தா கையேட்டை ஆய்வுக்கு எடுத்ததற்காக ஏறக்குறைய ஒரு வாரம் காவலில் இருந்தார். குற்றச்சாட்டு ஏதும் இல்லாமல் வெளியே விட்டார்கள், பிறகு இழப்பீடும் கொடுத்தார்கள்.

ஆகவே துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் எப்போதும் பையில் இருக்கட்டும். ஆய்வுத் திட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். தடை செய்யப்பட்ட அமைப்பின் வெளியீட்டைப் படிக்க வேண்டுமானால் நூலகத்தில் பதிவேட்டில் எழுதிப் படியுங்கள். சொந்த போனில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள், நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். குண்டு செய்முறை, ஆயுதக் கையேடு பக்கம் போகவே வேண்டாம். நம் கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது. தெரிந்த வக்கீல் ஒருவர் எண் வீட்டில் இருக்கட்டும். அப்பாக்களுக்கு நான் சொல்வது: எனக்கு இத்தனை வருடத்தில் வந்தது இரண்டு விசாரணை, ஒரு டீ.

வீரப்பனைப் பற்றி ஆய்வு செய்யலாமா?

எல்லோரும் கேட்கிறீர்கள். செய்யலாம், ஆனால் மீசையை விட்டுவிட்டு. 2000 ஜூலையில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் வைத்திருந்தபோது கோரிக்கைகளில் காவிரி வந்தது, தமிழ்த் தேசியக் குழுவினர் கூட இருந்தார்கள். சந்தனக் கடத்தல்காரன் அரசியல் மொழி பேச ஆரம்பித்தது எப்படி என்பது நல்ல கேள்வி. அவனைத் தேடிய அதிரடிப்படையின் அத்துமீறல்களால் மலைக் கிராமங்கள் பட்டது இன்னொன்று. அதற்கு 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது.

பெண்கள் இந்தத் துறைக்கு வரலாமா?

வந்துவிட்டார்கள். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் மார்த்தா கிரென்ஷா. பயங்கரவாதத்தின் காரணங்கள் பற்றி அவர் 1981-இல் எழுதிய கட்டுரையை இன்றும் முதல் வாரத்திலேயே படிக்க வைக்கிறோம். வாச்சாத்திப் பெண்கள் என்னிடம் சொல்லாததை என் மாணவியிடம் முதல் நாளே சொன்னார்கள்.

வேலை கிடைக்குமா? கல்யாணத்துக்குப் பெண் கொடுப்பார்களா?

இரண்டாவதற்குத் தரகரைக் கேளுங்கள்.

முதலாவது கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். உதவிப் பேராசிரியருக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது முனைவர் பட்டம் வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் அரசுக் கல்லூரிப் பணியிடம் எப்போது அறிவிப்பார்கள் என்று காத்துக்கிடந்து கௌரவ விரிவுரையாளராகவே வயது ஏறியவர்கள் எங்கள் துறையிலும் உண்டு. ‘பயங்கரவாத ஆய்வாளர் தேவை’ என்று விளம்பரம் வராது. அரசியல் அறிவியல் இடத்துக்குப் போய், உள்ளே இதைச் செய்ய வேண்டும். டெல்லி ஆய்வு நிறுவனங்கள், சமூக வலைத்தள நிறுவனங்களின் வன்முறைப் பதிவு ஆய்வுக் குழுக்கள், மனித உரிமை அமைப்புகள், பத்திரிகைகளிலும் ஆள் எடுக்கிறார்கள்.

இதையே படித்துக்கொண்டிருந்தால் தூக்கம் வருமா?

சில மாதம் வராது. வாச்சாத்தி சாட்சியங்களை ஒரே வாரத்தில் படித்து முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கட்டை மூடிவிட்டு ஒகேனக்கல் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒரு விதி: இருட்டிய பிறகு சாட்சியம் படிப்பதில்லை. கூட வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பது வெட்கம் இல்லை; எங்கள் துறையில் பலர் பார்க்கிறார்கள்.

ஆய்வு முடிந்த பிறகு ஊர்க்காரர்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

படித்துக் காட்ட வேண்டும். நான் ஆய்வேட்டின் சாரத்தைத் தமிழில் 20 பக்கமாக எழுதி, பேசியவர்கள் ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரும்பாலோர் வாங்கி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். 12-ஆம் பக்கத்தில் விரலை வைத்து, ‘இது வெள்ளிக்கிழமை நடக்கல சாமி, அன்னைக்கு சந்தை, நான் மாடு ஓட்டிக்கிட்டுப் போனேன்’ என்றார். இரண்டு பத்திரிகைகளும் ஒரு போலீஸ் அறிக்கையும் வெள்ளி என்றே சொல்லியிருந்தன. பழைய நாட்காட்டியையும் சந்தைக் கிழமையையும் எடுத்துச் சரிபார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.